அட்டையம்மா எழுதிய ஒரு வரி

அச்சகத்தின் இரண்டாவது மாடியில் அகராதிப் பிரிவு இருந்தது. அங்கே முப்பது வருடம் வேலை பார்த்தவளை நேரில் "அம்மா" என்றும், அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் "அட்டை" என்றும் சொல்வார்கள். அட்டை எழுதுகிறவள், அதனால் வந்த பெயர் என்று கேட்பவர்களிடம் சமாளித்துக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் மனதில் இருந்தது காலில் ஏறினால் லேசில் விழாத அந்த அட்டைதான். அவளுக்கும் அது தெரியும். "உப்பு வெச்சாத்தான் விழுவேன், யார்கிட்டயாவது இருந்தா கொண்டாங்க" என்று ஒருமுறை பைண்டிங் மேஸ்திரியிடமே சொல்லியிருக்கிறாள். மேஸ்திரி அன்று மத்தியானம்வரை மாடி ஏறவில்லை.

ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு ஓர் அட்டை. மேலே சொல், அதன் கீழே தமிழில் பொருள், பிறகு ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். கடைசியில் 'பயன்பாடு' என்று ஒரு வரி. அந்தச் சொல்லை யாரைப் பற்றிச் சொல்லலாம், யாரைப் பற்றிச் சொன்னால் அடி விழும், கடிதத்தில் எழுதலாமா, பேச்சோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமா என்பதெல்லாம் அந்த வரியில் வரும். வலது மூலையில் எழுதியவரின் முதலெழுத்து. இப்படிப்பட்ட அட்டைகள் நீளமான மரப்பெட்டிகளில் அகர வரிசையில் நின்றன. பெட்டிகள் சுவரின் பாதி உயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. அவற்றில் முக்கால்வாசி அட்டைகளின் மூலையில் அவளுடைய எழுத்துதான்.

இருபத்தாறு வயதில் தட்டச்சு செய்ய வந்தவள் அவள். மற்றவர்கள் எழுதிய அட்டையைப் பார்த்து அப்படியே அடித்துக் கொடுப்பதுதான் வேலை. அப்படியே அடிக்க அவளால் முடியவில்லை. தப்பு என்று பட்ட இடத்தில் பென்சிலால் சிறிதாக ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுவாள். அப்போதிருந்த பழைய ஆசிரியர் கோபத்தோடு கூப்பிட்டு, பதினோரு குறிகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ஒன்பது இடத்தில் அவள் சொன்னது சரி. மறுநாள் தட்டச்சு இயந்திரத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டு, அவள் கையில் பேனாவைக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அவள் யாரையும் விட்டுவைக்கவில்லை. மகள் கல்யாணமாகிப் போன புதிதில் எழுதிய இரண்டு கடிதங்களைப் பிழை திருத்தித் திருப்பி அனுப்பினாள். மூன்றாவது கடிதம் வரவில்லை, தொலைபேசிதான் வந்தது. கணவர் பேருந்துப் பணிமனையில் வண்டிகள் வந்து போகும் நேரத்தைக் குறிக்கிறவர். வீட்டில் அவர் பேச்சு நாளுக்கு நாள் சுருங்கி, "ம்" என்பதில் வந்து நின்றிருந்தது. அதில் மட்டும்தான் அவளால் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை.

இப்போதைய ஆசிரியர் பத்து வருடத்துக்கு முன்னால் அவளுக்குக் கீழே உதவியாளராகச் சேர்ந்தவர். முதல் வாரம் அவர் எழுதிக் கொடுத்த நாற்பது அட்டைகளையும் எல்லோர் முன்னாலும் மேஜைமேல் போட்டு, "சிலேட்டு வாங்கித் தரட்டுமா தம்பி? இதுல எழுதினா அழிக்க முடியாது" என்று அவள் கேட்டாள். அறை முழுக்கச் சிரித்தது. அவர் காது சிவக்க நாற்பதையும் பொறுக்கிக்கொண்டு போனார். அதை அவர் மறக்கவில்லை. மேற்கொண்டு படித்தார், பட்டம் வாங்கினார், முதலாளி மனைவியின் சித்தி மகளைக் கட்டிக்கொண்டார். பழைய ஆசிரியர் ஓய்வு பெற்றதும் முப்பத்தெட்டு வயதில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த முதல் நாளே ஜன்னலோரம் இருந்த அவளுடைய மேஜையைக் கழிவறைச் சுவர்ப் பக்கம் நகர்த்தச் சொன்னார். அந்த இடத்தில் தன் மேஜையைப் போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து இருவருக்கும் தினம் ஒரு சண்டை. பெரும்பாலும் காற்புள்ளிக்காக. ஆனால் 'டெக்ரெபிட்' என்ற சொல்லில் வந்த சண்டை அப்படிப்பட்டதல்ல.

வேலை தேடுகிறவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்குமாக ஒரு கையடக்க அகராதி கொண்டுவருவது என்று முடிவாகியிருந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். டெக்ரெபிட் என்ற பெயரடைக்கு அவள் எழுதிய அட்டையில் பொருள் இப்படி இருந்தது: 'தொத்தலான; உழைத்துத் தேய்ந்து உருக்குலைந்த.' பயன்பாடு: 'வீடு, வண்டி, நாற்காலிக்குச் சொல்லலாம். ஆளைச் சொன்னால் இளக்காரம். பெற்றவர்களைப் பற்றி எழுதக் கூடாது. தளர்ந்தவர்களைச் சொல்ல ஃப்ரெயில் என்ற சொல் இருக்கிறது.'

ஆசிரியர் சிவப்பு மையால் முழுவதையும் அடித்துவிட்டு, 'முதுமையால் தளர்ந்த. நலிவுற்ற' என்று மேலே எழுதினார். அவள் அட்டையை எடுத்துக்கொண்டு நேராக அவர் மேஜைக்குப் போனாள்.

"சார், இதுல என்ன தப்பு?"

"தொத்தல்னு அகராதியில போடுறதா? பிள்ளைங்க படிக்கிற புத்தகம்மா இது."

"அந்த வார்த்தையே தொத்தல்தான். வெள்ளைக்காரன் அதைச் சொல்றப்பவே மூக்கைச் சுளிச்சுக்கிட்டுதான் சொல்லுவான்."

"பொருள் என்ன? வயசாகி, பலம் போயி, பழுதாகிப் போனது. அதைத்தான் எழுதியிருக்கேன்."

"பொருள் சரி. தொனி சரியில்ல. 'தளர்ந்துபோன அம்மா'ன்னு சொன்னா ஓடிப்போய்க் கையைப் பிடிக்கணும்னு தோணும். 'தொத்தல் அம்மா'ன்னு உங்க வீட்டுல சொல்லிப் பாருங்க, என்ன நடக்குதுன்னு."

"எங்க வீட்டை எதுக்கு இழுக்குறீங்க?"

"அதோட வேரே கிறீச்சுனு சத்தம் போடுறதுன்னு பெரிய அகராதியில போட்டிருக்கான். துருப்பிடிச்ச கதவு மாதிரி. பெத்தவளைத் துருப்பிடிச்ச கதவுன்னு சொல்லலாமா?"

"அம்மா, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வரி உபதேசம் சேர்த்தா புத்தகம் பைக்குள்ள போகாது. மூட்டையாத்தான் தூக்கணும். பயன்பாட்டு வரி எதுக்குமே கிடையாது. போய் வேலையைப் பாருங்க."

அவள் புதிய அட்டை எழுதினாள். அவர் அடித்தார். மறுபடி எழுதினாள். மூன்றாவது தடவை அவர் அட்டையைப் படிக்கவேயில்லை, தரையில் விட்டெறிந்தார்.

"எடுத்துக்கிட்டுப் போங்க."

அவள் குனியவில்லை. எறிந்தவர் எடுக்கட்டும் என்று தன் மேஜைக்குப் போய்விட்டாள். அன்று முழுக்க அந்த அட்டை நடைவழியில் கிடந்தது. தேநீர் கொண்டுவந்தவர் அதைத் தாண்டிப் போனார், அச்சுக் கோப்பவர் சுற்றிப் போனார். சாயங்காலம் பெருக்குகிற அம்மாள் குப்பையோடு சேர்த்து அள்ளிக்கொண்டு போனாள்.

அதோடும் முடியவில்லை. எல்லாச் சொற்களையும் கணினியில் ஏற்றி முடித்ததும், இடம் அடைக்கிறது என்று சொல்லி அத்தனை மரப்பெட்டிகளையும் காலி செய்யச் சொன்னார் ஆசிரியர். இருபத்தைந்து வருடக் கையெழுத்து சாக்குகளில் அடைபட்டுப் படி இறங்கியது. பழைய பேப்பர்காரர் ஒவ்வொரு சாக்கையும் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனபோது அவள் எழுதிக்கொண்டிருந்த வரியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பேனா முள் மட்டும் அன்று இரண்டு தடவை உடைந்தது.

கையடக்க அகராதி சக்கைப்போடு போட்டது. முதல் பக்கத்தில் 'பொதுப் பதிப்பாசிரியர்' என்று ஆசிரியரின் பெயர் பெரிதாகவும், 'பொருள் எழுதியவர்' என்று அவள் பெயர் சிறிதாகவும் இருந்தன. பெயர் போட்டதற்கு அவள் சந்தோஷப்பட்டிருப்பாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளோ புத்தகம் வந்த அன்றே 'டி' எழுத்துப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, புத்தகத்தை மேஜையின் கீழ் இழுப்பறையில் கவிழ்த்துப் போட்டுவிட்டாள்.

ஒரு வருடம் கழித்து, ஒரு காலை நேரத்தில், லிஃப்ட் கம்பெனிச் சீருடை போட்ட ஓர் ஆள் படியேறி வந்தார். நாற்பது வயதிருக்கும். நகக்கண்ணில் கிரீஸ். கையில் அந்த அகராதி.

"இதை எழுதினது யாருங்க?"

அவர் புத்தகத்தைப் பிரித்து, ஒரு வரியில் விரலை வைத்து எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினார். "இந்த வார்த்தையை எழுதினது யாருன்னு கேட்டேன்."

லிஃப்ட் பழுது பார்க்கிறவர் அவர். கம்பெனி அவரை ஒரு நாள் பயணத் தூரத்தில் ஓர் ஊருக்கு மாற்றியிருந்தது. அம்மா வீட்டில் தனியாக இருந்தாள். சொந்த ஊருக்கே மாற்றல் கேட்டு, தலைமை அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினார். நல்ல வார்த்தையாக இருக்கட்டும் என்று இந்த அகராதியைப் பார்த்துத்தான் ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். தளர்ந்துபோன என் தாயாருக்குத் துணையாக இருக்க விரும்புகிறேன் என்று நினைத்து, 'மை டெக்ரெபிட் மதர்' என்று எழுதி அனுப்பினார்.

"மாற்றல் கிடைச்சுதுங்க. அதுல குறையில்ல. மேனேஜர் மட்டும் போன்ல சிரிச்சான், 'என்னப்பா, அம்மாவையும் சர்வீசுக்கு விடணுமா'ன்னு. எனக்குப் புரியல. சந்தோஷமா வீட்டுக்கு வந்தேன். கடிதத்தோட நகல் என் பெட்டியில இருந்திருக்கு. எங்க அக்கா பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் டீச்சர். அதைப் படிச்சுட்டு நேரா அம்மாகிட்ட போய், 'உன் பையன் உன்னை ஓட்டை உடைசல்னு ஆபீசுக்கே எழுதிப் போட்டிருக்கான்'னு சொல்லிடுச்சு. அம்மா அன்னைக்கே துணியை எடுத்துக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போயிட்டாங்க. ஏழு மாசமாச்சு. என் முகத்தைப் பார்த்துப் பேசல. போன் பண்ணினா வெச்சுடுறாங்க. அவங்களுக்காக ஊருக்கு வந்தேன், அவங்க வீட்டை விட்டே போயிட்டாங்க."

சத்தம் கேட்டு ஆசிரியர் எழுந்து வந்தார். புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். நிதானமாக முதல் பக்கத்தைத் திருப்பி, ஒரு வரியைச் சுட்டிக் காட்டினார்.

"பொருள் எழுதினவங்க பேர் இங்க போட்டிருக்கு பாருங்க. அதோ, அவங்கதான்."

லிஃப்ட்காரர் திரும்பினார். "உங்களுக்குப் பெத்த அம்மா இல்லையா?"

அவள் எழுந்து நின்றாள். "நான் எழுதினது வேற. இப்படிப் போடக் கூடாதுன்னு மூணு தடவை எழுதிக் கொடுத்தேன்."

"அப்படியா?" என்றார் ஆசிரியர். "அட்டை இருக்கா? காட்டுங்களேன்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் சிரிப்பை உள்ளே அடக்கிக்கொண்ட முகம் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். நடைவழியில் கிடந்த அட்டையை அன்று பார்த்தவர்கள் நான்கு பேராவது அந்த அறையில் இருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. யாருக்கும் அவளைப் பிடிக்காது. அதற்கான விலையை அவள் மொத்தமாகக் கொடுத்த நாள் அது.

பத்திரிகைக்குப் போகப்போவதாகக் கத்திவிட்டு, அம்மா இருக்கும் அக்கா வீட்டு முகவரியை ஒரு தாளில் எழுதி, போய்ப் பாருங்கள் என்று மேஜைமேல் போட்டுவிட்டு லிஃப்ட்காரர் இறங்கிப் போனார். விஷயம் கீழே முதலாளி காதுக்கு எட்டியது. அவர் ஆசிரியரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார். ஒரு வாரம் கழித்து இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார்.

முதலாளி நல்லவர், எதையும் நாளைக்குத் தள்ளிப்போடுகிற நல்லவர். அச்சகத்தைத் தொடங்கிய அவருடைய அப்பாவுக்குத் தொண்ணூற்றொரு வயது. தினமும் காலையில் ஒரு மணி நேரம் அவரைச் சக்கர நாற்காலியில் அந்த அறைக்குக் கொண்டுவந்து ஜன்னலோரம் உட்காரவைப்பார்கள். மை வாசனை இல்லாமல் அவருக்குத் தூக்கம் வராதாம். கை நடுங்கும், காது மந்தம். முதலாளி வேலைக்கு நடுவில் எழுந்து போய் அப்பாவின் வாயோரத்தைத் தன் கைக்குட்டையாலேயே துடைத்துவிடுவார். அன்றும் பெரியவர் அங்கேதான் இருந்தார்.

"உட்காருங்கம்மா" என்றார் முதலாளி. "ஆசிரியர் விளக்கம் எழுதியிருக்கார். தப்பு பொருள் எழுதற அட்டைப் பிரிவுலதான்னு சொல்றார். உங்களைப் பத்தியும் ஒரு வரி இருக்கு. நீங்க தெரிஞ்சுக்கறதுதான் நியாயம்." ஆங்கிலத்தில் இருந்த அந்த வரியை எழுத்துக் கூட்டிப் படித்தார். அட்டைப் பிரிவு டெக்ரெபிட் ஆகிவிட்டது, அதன் பொறுப்பாளரும் அப்படியே. அவருக்கு முன்கூட்டியே ஓய்வு கொடுப்பது நல்லது.

அவள் ஆசிரியரைப் பார்த்தாள். அவர் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சொல் அவர் பேனாவிலிருந்து தானாகவே வந்து விழுந்திருக்க வேண்டும். திட்டுவதற்கு உட்கார்ந்தபோது சரியான சொல் கிடைத்திருக்கிறது.

"கோபப்படாதீங்க" என்றார் முதலாளி அவசரமாக. மேஜைமேல் இருந்த கையடக்க அகராதியை எடுத்தார். "எனக்கும் சுருக்குன்னுதான் இருந்துச்சு. நம்ம புத்தகத்துலயே பார்த்தேன். 'முதுமையால் தளர்ந்த'ன்னுதான் போட்டிருக்கு. வயசாச்சு, பாவம்னு மரியாதையாத்தான் எழுதியிருக்கார்."

"அப்படியா சார்?" என்று அவள் ஆசிரியரிடம் கேட்டாள். "மரியாதையாத்தான் எழுதினீங்களா?"

ஆசிரியர் காலணியைப் பார்த்தபடியே தலையாட்டினார். "ஆமா. புத்தகத்துல இருக்கற பொருள்லதான்."

"இழிவா ஒண்ணும் இல்லையே?"

"இல்ல."

அவள் முதலாளியின் மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ஆசிரியர் முன்னால் வைத்தாள். தன் பேனாவின் மூடியைக் கழற்றி அதன்மேல் வைத்தாள்.

"அப்ப அதே வார்த்தையை வெச்சு, பெரியவரைப் பத்தி இங்கிலீஷ்ல ஒரு வரி எழுதுங்க. வயசு தொண்ணூத்தொண்ணு. தளர்ந்துதான் இருக்கார். மரியாதையான வார்த்தைதானே? எழுதி முதலாளிகிட்ட கொடுங்க. அடுத்த பதிப்புல எடுத்துக்காட்டு வாக்கியமா அதையே போட்டுடலாம்."

ஆசிரியர் பேனாவைத் தொடவில்லை.

"எழுதுங்க சார். பொருள் சரியாத்தானே இருக்கு?"

"இது... இது தேவையில்லாத பேச்சு" என்றார் ஆசிரியர்.

முதலாளி தாளைப் பார்த்தார், ஜன்னலோரம் இருந்த அப்பாவைப் பார்த்தார், பிறகு ஆசிரியரைப் பார்த்தார். "ஏன் எழுத மாட்டேங்குறீங்க?" என்று உண்மையாகவே தெரியாத மாதிரி கேட்டார். பதில் வராததால் அவருக்குத் தெரிந்துபோயிற்று. அகராதியை மூடி மேஜைமேல் வைத்தார். முகம் கறுத்திருந்தது.

பெரியவர் ஜன்னல் பக்கத்திலிருந்து தலையைத் திருப்பினார். "என்னடா சண்டை?"

"ஒண்ணுமில்லப்பா" என்று முதலாளி குனிந்து அவர் காதருகே சத்தமாகச் சொன்னார். "ஒரு வார்த்தைக்காக."

"அதுக்குத்தானேடா சம்பளம் கொடுக்கறோம்" என்றார் பெரியவர். "போடட்டும்."

முதலாளி எடுத்த முடிவு அவரைப் போலவே இருந்தது. கிடங்கில் மீதியிருந்த ஒன்பதாயிரத்துச் சொச்சம் பிரதிகளிலும் ஒரு திருத்தச் சீட்டு ஒட்டுவது. சீட்டின் வாசகத்தை அவள் எழுதுவது. ஆசிரியர் ஆசிரியராகவே இருப்பார். அவரை அனுப்பினால் மனைவியின் சித்தி வீடு சும்மா விடாது.

"சீட்டை எழுதறவங்களே ஒட்டவும் ஒட்டட்டும்" என்றார் ஆசிரியர், எழுந்து போகும்போது. "வேற யாராவது ஒட்டினா மறுபடி தப்பு வரும்." முதலாளி மறுத்துச் சொல்லவில்லை. அவருக்கு எப்படியாவது அந்த அறை காலியானால் போதும் என்றிருந்தது.

பத்தொன்பது நாள் அவள் கிடங்கில் உட்கார்ந்து ஒட்டினாள். காகிதக் கட்டுகளுக்கு நடுவில் ஒரு முக்காலி, ஒரு பசை வாளி, ஒரு தூரிகை. ஒவ்வொரு புத்தகத்தையும் அதே பக்கத்தில் பிரித்து, இரண்டு விரல் அகலச் சீட்டை வரியின் கீழே அழுத்த வேண்டும். 'பொருள்களுக்கு மட்டும் சொல்க. ஆளைச் சொன்னால் இழிவு. பெற்றவர்களைப் பற்றி எழுதற்க.' பைண்டிங் மேஸ்திரி இரண்டு பேரை உதவிக்கு அனுப்பப் பார்த்தார். "அன்னைக்கு அட்டை தரையில கிடந்ததைப் பார்த்தேன்னு சொல்ல வாய் வரல, இப்ப கை வருதா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

வீட்டில் கணவர் வெந்நீர் வைத்துக் கொடுத்தார். காய்ந்த பசையை விரல்களிலிருந்து உரித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்து, பல மாதங்களில் முதல்முறையாக ஒரு முழு வாக்கியம் பேசினார்.

"பேசாம விட்டுட்டு வந்துடேன்."

"நான் போனா அவன் ஜெயிச்சதா ஆயிடும்."

"நீ இருந்தா?"

"அவனுக்குச் சாப்பாடு இறங்காது."

"ம்" என்றார் கணவர்.

ஒட்டி முடித்த மறுநாள் அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு, லிஃப்ட்காரர் விட்டுப்போன முகவரியை வைத்து அவருடைய அக்கா வீட்டைத் தேடிப் போனாள். மூன்றாவது மாடி. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. கதவைத் திறந்தது அந்த அம்மாவேதான். மெலிந்த உடம்பு. ஆனால் நிமிர்ந்த தலை, துளைத்தெடுக்கிற கண். மகள் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள்.

"யாரு? என் பையன் அனுப்பினானா?"

"இல்லைங்க. நானா வந்தேன். உங்க பையன் பார்த்து எழுதின புத்தகம் எங்க ஆபீஸ்ல போட்டது."

"ஓ! அதை எழுதினவ நீதானா?" வாசலை விட்டு நகரவில்லை. உள்ளே வா என்று சொல்லவுமில்லை. "எதுக்கு வந்தே? இன்னும் ஏதாவது வார்த்தை பாக்கியிருக்கா?"

அவள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துச் சீட்டு ஒட்டிய பக்கத்தைக் காட்டினாள். உங்கள் மகன் நினைத்தது ஒன்று, புத்தகம் கொடுத்தது இன்னொன்று என்று சொன்னாள். தப்பு புத்தகத்தினுடையது, அவருடையது அல்ல என்றாள். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாததால் எல்லாம் ஓர் அலுவலகச் சுற்றறிக்கை மாதிரி வந்தது. அந்த அம்மா ஒட்டியிருந்த சீட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்த வார்த்தையைத் தமிழ்ல சொல்லு. என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு."

அவள் எத்தனையோ பேரை எடுத்தெறிந்து பேசியிருக்கிறாள். ஆனால் இந்த முகத்தைப் பார்த்து அந்த ஒரு சொல் வரவில்லை.

"சொல்லேன்!"

"தொத்தல்."

"இதைச் சொல்லத்தான் மூணு மாடி ஏறி வந்தியா?" பக்கத்து வீட்டுக் கதவு லேசாகத் திறந்து மூடியது. "சரி. அவன் மனசுல நெனச்சது என்ன வார்த்தை?"

"தளர்ந்துபோன."

அந்த அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அதுவும் பொய்தான். நான் ஒண்ணும் தளர்ந்துபோகல. அவனுக்கு அதைச் சொல்லணும்." புத்தகத்தை அவள் கையில் திணித்தாள். "உன் புத்தகத்தை நீயே வெச்சுக்கோ. இறங்கறப்ப பார்த்து இறங்கு, நாலாவது படி உடைஞ்சிருக்கு. விழுந்து வெச்சு அதுக்கும் என் பையனைச் சொல்லாதே."

கதவு படாரென்று மூடியது. பத்து நாள் கழித்து லிஃப்ட்காரர் அலுவலகத்துக்குப் போன் செய்து அவளைக் கூப்பிடச் சொன்னார். அம்மா பேசிவிட்டாளாம். அரை மணி நேரம் மூச்சு விடாமல் திட்டினாளாம். திட்டி முடித்துவிட்டு, வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டாளாம். அவர் நன்றி சொல்ல ஆரம்பித்தபோது, "சரி, சரி, இனிமே எதையும் ரெண்டு புத்தகத்துல பார்த்துட்டு எழுதுங்க" என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நான்கு வருடம் அவளும் ஆசிரியரும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே ஒரு தடவை தவிர ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. தாள்கள் மட்டும் தேநீர் கொண்டுவருகிறவர் கையில் இந்த மேஜைக்கும் அந்த மேஜைக்கும் போய் வந்தன. அவர் சிவப்பு மையால் அடித்தால் அவள் பச்சை மையால் எழுதுவாள். அச்சுக் கோப்பவர் இரண்டையும் பார்த்துவிட்டு முதலாளியிடம் ஓடுவார். முதலாளி நாளைக்குப் பார்க்கலாம் என்பார்.

இரண்டாம் பதிப்பு வந்த அன்று அவள் நேராக 'டி' எழுத்தைப் புரட்டினாள். 'டெக்ரீ' என்ற சொல் இருந்தது. அதற்கு அடுத்து 'டெடிகேட்' இருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. அவளுடைய வரியைச் சேர்க்க மனமில்லாமல் ஆசிரியர் அந்தச் சொல்லையே புத்தகத்திலிருந்து தூக்கிவிட்டிருந்தார்.

அவள் எழுந்து போய் அவர் மேஜைமுன் நின்றாள். அறையில் எல்லோரும் தட்டச்சை நிறுத்தினார்கள்.

"ஒரு வார்த்தைக்கு இவ்வளவு பயமா?" என்று கேட்டாள்.

ஆசிரியர் தலையைத் தூக்காமல் பக்கத்தைத் திருப்பினார். தேநீர் கொண்டுவந்தவரைப் பார்த்து, "அவங்களைப் போய் உட்காரச் சொல்லுங்க" என்றார்.

ஓய்வு பெறும் நாள் வந்தது. கீழே பைண்டிங் கூடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். முதலாளி பேசினார். ஆசிரியரும் பேச வேண்டியதாயிற்று. சோர்வறியாதவர், சொல்லுக்காகவே வாழ்ந்தவர் என்று தாளைப் பார்த்துப் படித்தார். அவள் நடுவில் எழுந்து, "வாழ்ந்தவர் இல்ல, வாழ்கிறவர்" என்று திருத்தினாள். யாரோ சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். மாலை போட வந்தபோது கையால் வாங்கிப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டாள்.

வாசலில் கணவர் குடையோடு நின்றுகொண்டிருந்தார். தூறல் விழுந்துகொண்டிருந்தது.

"முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

"எங்க முடிஞ்சுது? அவன் இன்னும் உள்ளதான் இருக்கான்" என்று சொல்லிக்கொண்டே, குடையை அவர் கையிலிருந்து வாங்கிச் சரியாகப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.